விட்ஜெட்: பொருளில்லாமல் பிறந்த சொல்

விட்ஜெட் (பெயர்ச்சொல்): கணினித் திரையில் பயனர் பார்த்து, தொட்டு, அழுத்தி இயக்கும் ஒவ்வொரு பகுதியும். பொத்தான், உரைப்பெட்டி, தேர்வுப்பெட்டி, உருள்பட்டை எல்லாம் விட்ஜெட்டுகளே. தமிழில்: இடைமுக உறுப்பு, சுருக்கமாக, உறுப்பு.

இதன் பிறப்பைத் தேடிப் போனால் ஒரு நாடக மேடையில் போய் நிற்போம். ஜார்ஜ் காஃப்மனும் மார்க் கானலியும் எழுதி 1924இல் நியூயார்க்கில் அரங்கேறிய 'பெக்கர் ஆன் ஹார்ஸ்பேக்' நாடகத்தில், கையில் காசில்லாத இசையமைப்பாளன் ஒருவன் செல்வந்தர் வீட்டில் பெண்ணெடுக்கலாமா என்று தடுமாறுகிறான். அந்த வீட்டாரின் தொழில் விட்ஜெட் உற்பத்தி. அது என்ன பொருள் என்று யாரும் விளக்குவதில்லை, நகைச்சுவையே அதில்தான். 'கேட்ஜெட்' என்ற சொல் திரிந்து இப்படி ஆனது என்பது பொதுவான கருத்து. பிறகு பொருளியல் ஆசிரியர்கள், "ஒரு தொழிற்சாலை நூறு விட்ஜெட் செய்கிறது" என்று கணக்குப் போட இதை எடுத்துக்கொண்டார்கள். கின்னஸ் பீர் டப்பாவுக்குள் நுரை எழுப்பக் கிடக்கும் சிறு உருண்டைக்கும் இதே பெயர்தான்.

கணினிக்குள் இதைக் கொண்டுவந்தவர்கள், அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் நடந்த அதீனா என்ற கணினித் திட்டத்தார். 1980களில், யூனிக்ஸ் கணினிகளில் சாளரங்களைக் காட்டும் எக்ஸ் அமைப்புக்கு, திரைப்பகுதிகளை உருவாக்க உதவும் கருவித்தொகுதி (டூல்கிட்) எழுதியபோது, வழக்கிலிருந்த மற்ற சொற்களெல்லாம் பொருந்தாத பொருள்களைச் சுமந்திருப்பதாகச் சொல்லி, எதையும் சுமக்காத இதைத் தேர்ந்தார்கள்.

அந்த வெறுமை பின்னால் நன்றாகப் பயன்பட்டது. 1992இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் ஜூலியன் ஸ்மார்ட், வரைபடங்கள் வரையும் 'ஹார்டி' என்ற செயலியை யூனிக்ஸ் கணினியிலும் விண்டோஸிலும் ஓட்ட வேண்டியிருந்தது. விற்பனையில் இருந்த நிரலகங்களின் (எடுத்துப் பயன்படுத்த ஆயத்தமான நிரல்களின் தொகுப்பு) விலை எட்டாததால் தாமே ஒன்றை எழுதினார். விண்டோஸின் டபிள்யூவும் எக்ஸும் சேர்ந்து 'டபிள்யூஎக்ஸ்விண்டோஸ்' ஆனது. 2004இல் மைக்ரோசாஃப்ட் தன் வணிகப்பெயரைக் காட்டிக் கேட்டுக்கொண்டபின் அது 'டபிள்யூஎக்ஸ்விட்ஜெட்ஸ்' ஆயிற்று. ஒலி தொகுக்கும் ஆடாசிட்டியின் மூன்றாம் பதிப்பு, கோப்பு அனுப்பும் ஃபைல்ஜில்லா ஆகியவற்றின் முகம் இதில் கட்டியதுதான்.

இதில் நிரலர் 'பொத்தான்' என்று ஒருமுறை எழுதுகிறார். விண்டோஸில் அது விண்டோஸின் சொந்தப் பொத்தானாகவும், லினக்ஸில் அங்கே வழங்கும் ஜிடிகே என்ற கருவித்தொகுதியின் பொத்தானாகவும், மேக்கில் ஆப்பிளின் பொத்தானாகவும் வந்து நிற்கிறது. நார்வேயில் பிறந்த க்யூட் நிரலகத்தின் வழி வேறு: பெரும்பாலும் தானே வரைந்து, அந்தந்த அமைப்பின் சாயலைப் பூசிக்கொள்ளும். இவ்விரண்டையும் போலப் பல அமைப்புகளில் ஓடும் நிரலகத்தை ஆங்கிலத்தில் 'போர்ட்டபிள்' என்பார்கள். அதைப் பார்த்ததும் 'கையடக்க' என்று பெயர்ப்பது தவறு. அது வானொலிப் பெட்டிக்குப் பொருந்தும். இங்கே 'பன்தள நிரலகம்' என்பதே சரி.

இனி, விட்ஜெட்டுக்கு ஏன் 'உறுப்பு'? 'கருவி' என்றால் கருவித்தொகுதியோடு குழம்பும். 'பொருள்' ஏற்கெனவே நிரலாக்கத்தில் 'ஆப்ஜெக்ட்' என்பதற்கு ஈடாக வேறு வேலையில் இருக்கிறது. 'கூறு' மோசமில்லை, ஆனால் நிரலின் எந்தத் துண்டையும் அது குறித்துவிடும். உறுப்பு என்றாலே அதைக் கொண்ட முழு உடல் ஒன்று உண்டு. சாளரத்துக்குள் பலகம், பலகத்துக்குள் பொத்தான் என்று அடுக்கடுக்காக அமையும் இடைமுகத்துக்கு அது பொருந்தும். எழுத்து அசையாகி, அசை சீராகி, சீர் அடியாகும் யாப்பில் இவற்றுக்கு உறுப்பு என்றுதான் பெயர். ஆங்கிலச் சொல்லின் வெறுமை இதில் இல்லை என்பது உண்மை. எனக்கு அது குறையாகத் தெரியவில்லை.

பெயர் வைத்தபின் உறுப்பின்மேல் தமிழை எழுத வேண்டுமே. ஆங்கிலத்தில் நான்கே எழுத்தில் முடியும் 'அன்டூ', தமிழில் 'செயல்தவிர்' ஆகும்போது, அகலத்தைத் திரைப்புள்ளிக் (பிக்சல்) கணக்கில் கட்டிவைத்த பொத்தானில் பாதிச் சொல் வெட்டுப்படும். நல்ல நிரலகம் அகலத்தை எழுத்தைப் பார்த்து முடிவுசெய்யும். டபிள்யூஎக்ஸ்விட்ஜெட்ஸில் அந்த வேலையைச் செய்வது 'சைசர்'. அதை 'அளவமைப்பி' எனலாம்.