பழைய பாட்டின் சுருதி ஏன் கூடிக் கிடக்கிறது?

இணுவிலில் நண்பர் ஒருவரின் வீட்டு விறாந்தையில் சனிக்கிழமை இரவுகளில் கூடிப் பழைய படம் பார்ப்பது எங்கள் வழக்கம். முதலில் பிளேன்ரீயும் வடையும், பிறகு படம். வருகிறவர்களில் ஒருவர் நாதஸ்வரக் குடும்பத்துப் பிள்ளை. அறுபதுகளின் படம் ஒன்றில் பாட்டுத் தொடங்கியதுமே, "உது சுருதி கூடிக் கிடக்கு மச்சான்" என்றார். அவருடைய காது சொன்னது சரி. பிலிமில் இருந்த படம் வீடியோவுக்கு மாறியபோது நடந்த கணக்கு ஒன்றுதான் இதற்குக் காரணம்.

மௌனப் படக் காலத்தில் கமெராவைக் கையால் சுழற்றினார்கள். வேகம் ஆளுக்கு ஆள் மாறும். பேசும் படம் வந்ததும் அது சரிவரவில்லை. பிலிமின் ஓரத்தில் ஒலி ஒரு மெல்லிய கோடாகப் பதிந்திருக்கும். சிறிய விளக்கொன்றின் ஒளி அதனூடாகப் போகும்போது கூடிக் குறையும். மறுபுறம் இருக்கும் ஒளிமின்கலம் அதை மின் அலையாக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்பும். பிலிம் கொஞ்சம் வேகமாக ஓடினால் குரல் கீச்சிடும். ஆகவே நொடிக்கு 24 பிரேம், அதாவது 24 தனிப்படம், என்று உறுதியாக்கினார்கள். 35 மி.மீ. பிலிமில் அது நொடிக்கு ஒன்றரை அடி.

இதிலே ஒரு நுட்பம் எனக்கு மிகவும் பிடிக்கும். லென்ஸுக்கு முன்னால் ஒவ்வொரு பிரேமும் நின்று நின்றுதான் நகர வேண்டும். யாழ்ப்பாணத்து ரீகல், வெலிங்டன் தியேட்டர்களின் மெஷின் அறையில் கேட்ட கடகடப்பு அதுதான். ஒலிக்கோ சீரான ஓட்டம் வேண்டும். அதனால் ஒலியைப் படத்துக்குச் சுமார் 20 பிரேம் முன்னால் தள்ளி அச்சிட்டார்கள். பிலிம் நின்று நகரும் இடத்தைத் தாண்டி, ஓட்டம் சீரான பிறகே ஒலி வாசிக்கப்படும்.

சரி, வீடியோவுக்கு வருவோம். இலங்கையிலும் இந்தியாவிலும் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். இங்கே தொலைக்காட்சி நொடிக்கு 25 பிரேம் காட்டும் 'பால்' (PAL) என்ற ஒளிபரப்பு முறையில் வளர்ந்தது. 24-ஐ 25-க்குள் பொருத்த மிக எளிய வழி, பிலிமையே நொடிக்கு 25 பிரேமாக ஓட்டிப் பதிவது. நான்கு சதவீதம் வேகம் கூடுவது கண்ணுக்குத் தெரியாது. உதட்டசைவும் பிசகாது, ஒலியும் சேர்ந்தே ஓடுகிறதே! ஆனால் நொடிக்கு 240 முறை அதிர்ந்த குரல் 250 முறை அதிரும். அரைக் கட்டைக்குக் கொஞ்சம் குறைவான ஏற்றம். குரல் ஒரு துளி மெலிந்து இளமையாகக் கேட்கும், தாளமும் சற்று விரையும்.

தொண்ணூறுகளில் கரண்ட் இல்லாத யாழ்ப்பாணத்தில் வீடியோ டெக்கும் ரீவியும் வாடகைக்கு எடுத்து, ஜெனரேட்டர் போட்டு, விடிய விடியப் பார்த்த கசெற்றுகள் பலவற்றில் இந்த ஏற்றம் இருந்திருக்கும். ஜெனரேட்டர் ஆடியதால் வந்தது என்று சிலர் சொல்வார்கள். அப்படியல்ல. டெக்கின் மோட்டார் நாடாவிலேயே பதிந்துள்ள ஒரு சமிக்ஞையைப் பார்த்துத் தன் வேகத்தைச் சரிசெய்துகொள்ளும்.

கனடாவிலிருந்து உறவினர் கொண்டுவரும் டிஸ்க்கில் கதை வேறு. அங்கே மின்சாரம் 60 ஹேர்ட்ஸ். ஒரு பிரேமை இரண்டு தடவை, அடுத்ததை மூன்று தடவை என்று காட்டி 24-ஐ 60 ஆக்குவார்கள். சுருதி மாறாது. ஆனால் கமெரா மெல்லத் திரும்பும் காட்சிகளில் படம் லேசாகத் தட்டுத்தட்டிப் போகும். எனக்கு அது பரவாயில்லை. பாட்டுக் கெடாமல் இருப்பதுதான் பெரிது.

உங்களிடம் உள்ள பிரதி எந்த வகை? பிலிம் காலத்து இந்தியப் படங்களின் தொடக்கத்தில் வரும் தணிக்கைச் சான்றிதழை நிறுத்திப் பாருங்கள். படத்தின் நீளம் பெரும்பாலும் மீற்றரில் இருக்கும். பிலிம் நிமிடத்துக்கு 27.4 மீற்றர் ஓடும் என்பதால், அதை 27.4-ஆல் வகுத்தால் உண்மையான நிமிடக் கணக்கு வரும். 4,115 மீற்றர் என்றால் 150 நிமிடம். பிரதி 144 நிமிடத்தில் முடிந்தால் வேகம் கூடியது என்று சந்தேகிக்கலாம். பாட்டு ஏதும் வெட்டுப்பட்டிருந்தாலும் நேரம் குறையும் என்பதால், நடுவே தாவல் இருக்கிறதா என்றும் கவனியுங்கள்.

வேகம் கூடிய பிரதி என்றால் கணினியில் 0.96 வேகத்தில் ஓட்டலாம். பல பிளேயர்கள் வேகத்தைக் குறைத்தாலும் சுருதியை இருந்தபடியே பிடித்து வைக்கும். அந்த வசதியை நிறுத்திவிட வேண்டும். படம் 6 நிமிடம் பிந்தி முடியும், பாட்டு பிலிமில் பதிந்த சுருதியிலேயே கேட்கும்.