எதிர்க்காற்று, ஏற்றம், உறைபனி: ஒரு சைக்கிள் பயணத்தின் ஆற்றல் கணக்கு

ஜனவரி மாதத்தில் நான்கு நண்பர்கள் சைக்கிளில் பாலக்காட்டிலிருந்து புறப்படுவதாக வைத்துக்கொள்வோம். வாளையார், கோவை வழியாக முதல் நாள் மேட்டுப்பாளையம், இரண்டாம் நாள் கோத்தகிரி, மூன்றாம் நாள் உதகை. நான்காம் நாள் குன்னூர் வழியாக மீண்டும் மேட்டுப்பாளையத்துக்கு இறக்கம். கூடாரம், தூக்கப்பை, சிறு அடுப்பு, மாற்றுத்துணி எல்லாம் கேரியரின் இரு பக்கப் பைகளில் இருக்கின்றன. ஓட்டுபவர் 65 கிலோ, சைக்கிள் 14 கிலோ, சுமை 18 கிலோ, தண்ணீர் 3 லிட்டர் என்று கொண்டால், ஒவ்வொருவரும் நகர்த்த வேண்டிய மொத்த எடை 100 கிலோவாகிறது. பழக்கமுள்ள ஒருவர் பல மணி நேரம் தொடர்ந்து பெடலுக்குக் கொடுக்கக்கூடிய திறனை 120 வாட் என்று எடுத்துக்கொள்ளலாம். பழைய குண்டு பல்புகள் இரண்டை எரிக்கும் அளவுதான் அது. அந்தச் சிறிய திறன் நான்கு நாள்களில் எங்கெங்கே செலவாகிறது என்பதை அறிந்தவர்களுக்கு, எதைச் சுமப்பது, எப்போது உண்பது, எங்கே உறங்குவது என்ற கேள்விகள் பெரும்பாலும் தாமாகவே விடை பெறுகின்றன.

முதல் நாளின் பாதை பெரும்பாலும் சமதளம் என்பதால் அது எளிதாக இருக்கும் என்று தோன்றும். ஆனால் நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே மேற்குத் தொடர்ச்சி மலை விட்டிருக்கும் 30 முதல் 40 கிலோமீட்டர் அகலமுள்ள இடைவெளியே பாலக்காட்டுக் கணவாய். குளிர்காலத்தில் கிழக்கிலிருந்து வரும் காற்றுக்கு அந்த மலைச்சுவரில் கிடைக்கும் பெரிய வாசல் அது ஒன்றுதான். குழாயின் குறுகிய பகுதியில் தண்ணீர் விரைவதைப்போல, அகன்ற சமவெளியிலிருந்து வரும் காற்று கணவாய்க்குள் நெருக்குண்டு வேகம் பெறுகிறது. கோவையை நோக்கி மிதிப்பவருக்கு அது நேர் எதிர்க்காற்று.

காற்றின் தடை, வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவரை 15 கிலோமீட்டர் வேக எதிர்க்காற்று சந்தித்தால், அவர் உடலும் பக்கப் பைகளும் உணர்வது 35 கிலோமீட்டர் வேகக் காற்றை, தடை மும்மடங்காகிறது. காற்றில்லாத நாளில் 120 வாட் திறனில் மணிக்கு 23 அல்லது 24 கிலோமீட்டர் செல்பவர், இந்தக் காற்றில் 16 கிலோமீட்டருக்கு இறங்கிவிடுகிறார். 18 கிலோ சுமையைப் பற்றி வாரக்கணக்கில் விவாதித்துவிட்டுப் புறப்படுபவர்கள், சமதளத்தில் எடையின் பங்கு மிகச் சிறியது என்பதை இங்கேதான் உணர்கிறார்கள். எடை கூடினால் டயர் தரையில் அழுந்தி மீள்வதில் ஏற்படும் உருளல் இழப்பு சற்றுக் கூடும், அவ்வளவுதான். துருத்திக்கொண்டு நிற்கும் பையும், காற்றில் படபடக்கும் தளர்ந்த மேலாடையும் செய்யும் தீங்கு அதைவிடப் பெரிது.

நண்பர்களோடு செல்வதன் பயன், இயற்பியலின் கண்ணோட்டத்திலும் இங்கேதான் தெரிகிறது. முன்னே செல்பவர் காற்றைக் கிழிக்கும்போது அவருக்குப் பின்னால் அழுத்தம் குறைந்த, சுழல்கள் நிறைந்த ஒரு வால் உருவாகிறது. அதற்குள் நெருங்கிச் செல்பவருக்குக் காற்றுத் தடை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. மேலே சொன்ன எதிர்க்காற்றில் அவர் அதே 120 வாட்டில் 19 கிலோமீட்டர் வேகத்தைத் தொடலாம். நால்வரும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை முறைவைத்து முன்னே வந்தால், ஒவ்வொருவரும் பயணத்தின் முக்கால் பங்கைக் காற்றின் மறைவிலேயே கழிக்கிறார்கள். எனினும், சுமையேற்றிய சைக்கிள் நிற்பதற்குக் கூடுதல் தூரம் வேண்டும் என்பதால், பந்தய வீரர்களைப்போலச் சக்கரத்தோடு சக்கரம் ஒட்டிச் செல்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒன்றிரண்டு மீட்டர் இடைவெளி விட்டாலும் பயனில் கணிசமான பகுதி கிடைக்கும். குழியைக் கண்டால் கையைக் காட்டுவது முன்னே செல்பவரின் கடமை.

இரண்டாம் நாள் நிலைமை தலைகீழாகிறது. மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 325 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோத்தகிரி 1,790 மீட்டரை ஒட்டி இருக்கிறது. இடையே உள்ள 33 கிலோமீட்டர் சாலையில் நம் 100 கிலோவை ஏறக்குறைய 1,450 மீட்டர் உயர்த்த வேண்டும். எடை, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்கினால் கிடைப்பது 1,420 கிலோஜூல். மொத்த எடை குறையாத வரை, எந்தக் கியரைப் போட்டாலும், எவ்வளவு விலை கொடுத்துச் சைக்கிள் வாங்கினாலும், இந்தத் தொகையில் ஒரு ஜூலையும் குறைக்க முடியாது. வேகமோ மணிக்கு எட்டு, ஒன்பது கிலோமீட்டர் என்பதால் காற்றின் தடை அநேகமாக மறைந்துவிடுகிறது. பின்னால் ஒட்டிச் செல்வதிலும் இனிப் பயனில்லை. ஏற்றத்தில் அவரவர் வேகத்தில் தனித்தனியே ஏறி, மேலே கூடுவதே சரியான முறை.

கியர் வேலையைக் குறைப்பதில்லை என்றால் அது எதற்கு? வேலையைச் சிறு சிறு தவணைகளாகப் பிரிப்பதற்கு. இந்த ஏற்றத்தில் சக்கரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 65 முறை சுழல்கிறது. முன்னும் பின்னும் பல்சக்கரங்கள் சம அளவில் இருக்கும் கியரில் பெடலும் 65 முறையே சுழலும்; அப்போது பாதம் சராசரியாகக் கொடுக்க வேண்டிய விசை பத்துக் கிலோ எடைக்குச் சமம். முன்னே 44 பல், பின்னே 18 பல் கொண்ட கியரில்லாச் சைக்கிளில் அதே வேகத்தில் ஏற வேண்டுமானால், பெடல் நிமிடத்துக்கு 27 முறைதான் சுழலும். சராசரி விசை 25 கிலோவாகவும், மிதியின் உச்சத்தில் அதைப்போல் இருமடங்காகவும் உயர்ந்துவிடும். தசைக்கு இந்த இரண்டும் ஒன்றல்ல. பெரிய விசை, விரைவில் களைக்கும் வேக நார்களை வேலைக்கு இழுக்கிறது; முழங்கால் மூட்டின் மீதும் அழுத்தத்தை ஏற்றுகிறது. சிறிய விசையை அடிக்கடி தருவது, நாள் முழுதும் உழைக்கக்கூடிய மெதுநார்களுக்கு உரிய வேலை.

ஒவ்வொரு கூடுதல் கிலோவும் இந்த ஏற்றத்தில் நேரத்தை ஏறத்தாழ ஒரு சதவீதம் நீட்டுகிறது. நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான ஏற்றத்தில் அது இரண்டேகால் நிமிடம். தேவையற்ற பத்துக் கிலோ என்றால் இருபது நிமிடத்துக்கு மேல். ஆகவே வீட்டிலேயே விட்டுவரக்கூடியதை விட்டுவருவது நல்லது. ஆனால் ஒரு நிமிடத்தை மிச்சப்படுத்துவதற்காகப் படுக்கை விரிப்பை விட்டுவருவது பெரும் பிழை. அதற்கான காரணம் மூன்றாம் நாள் இரவில் தெரியும்.

இவ்வளவு ஆற்றலும் உணவிலிருந்து வர வேண்டும். உடல் உணவாற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைத்தான் பெடலுக்குத் தருகிறது, மற்றது வெப்பமாகிறது. ஒரு கிலோ கலோரி என்பது 4.2 கிலோஜூல் என்பதால் ஒரு வசதியான கணக்கு கிடைக்கிறது: பெடலில் செலவிடும் ஒவ்வொரு கிலோஜூலுக்கும் உணவிலிருந்து சுமார் ஒரு கிலோ கலோரி வேண்டும். கோத்தகிரி ஏற்றம், உருளல் இழப்பையும் சேர்த்து, 1,600 கிலோ கலோரியைக் கேட்கிறது. முதல் நாளின் எதிர்க்காற்று 2,000 கிலோ கலோரியைத் தாண்டியிருக்கும். தசையிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜனாகச் சேமித்திருக்கும் மாவுச்சத்தோ மொத்தமாகவே ஏறத்தாழ 2,000 கிலோ கலோரிதான். கொழுப்பு கைகொடுக்கும் என்பது உண்மை. ஒல்லியானவரிடமும் அது பல பத்தாயிரம் கிலோ கலோரி அளவுக்கு இருக்கிறது. ஆனால் கொழுப்பிலிருந்து ஆற்றல் மெதுவாகத்தான் வெளிப்படும். கிளைக்கோஜன் தீர்ந்தவருக்குக் கால்கள் திடீரெனக் கனத்து, தலை கிறுகிறுத்து, எளிய முடிவுகூட எடுக்க இயலாமல் போவது அதனால்தான்.

ஆகையால் பசி எடுப்பதற்கு முன்பே, மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். இரண்டு வாழைப்பழம், அல்லது ஒரு பழமும் சில கடலைமிட்டாயும் அதற்குப் போதும். அதைவிடப் பலர் கவனிக்கத் தவறுவது இரவு உணவை. காலியான கிளைக்கோஜன் முழுமையாக நிரம்பச் சுமார் ஒரு நாள் ஆகும். உழைப்பு முடிந்த முதல் சில மணி நேரத்தில்தான் அது வேகமாக நிரம்புகிறது. களைப்பில் ஒரு டீயோடு படுத்துவிடுபவர், மறுநாள் ஏற்றத்தின் பாதியில் அதற்கான விலையைக் கொடுக்கிறார். ஒருநாள் சவாரிக்கும் பலநாள் பயணத்துக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இதுதான்: இன்றைய கடனை நாளைய உடல் அடைக்க வேண்டியிருக்கிறது.

வெப்பமாகப் போகும் முக்கால் பங்கும் ஒரு செலவை வைக்கிறது. ஏற்றத்தில் உடலில் சுமார் 380 வாட் வெப்பம் பிறக்கிறது. வீசும் காற்றும் இல்லை. அதை வியர்வை ஒன்றாலேயே வெளியேற்றுவதானால் மணிக்கு அரை லிட்டருக்கு மேல் ஆவியாக வேண்டும். சொட்டிக் கீழே விழும் வியர்வை குளிர்விப்பதில்லை என்பதால், குடிக்க வேண்டிய தண்ணீர் அதற்கும் கூடுதல்.

உதகையின் உயரம் ஏறத்தாழ 2,240 மீட்டர். அங்கே காற்றழுத்தம் குறைவு என்பதால் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. திறந்த பாத்திரத்தில் அரிசி வேகக் கூடுதல் நேரமும் எரிபொருளும் வேண்டும். ஒரு சிறிய குக்கரைச் சுமப்பது வீண் எடை அல்ல. காட்டுக்குள் அனுமதியின்றிக் கூடாரம் அமைப்பது குற்றம். யானைகளின் வழியில் படுப்பது உயிருக்கே ஆபத்து. எனவே உரிமையாளரின் இசைவோடு தனியார் நிலத்தில் தங்குவதே முறை. அந்த நிலத்திலும் இடம் தேர்ந்து கூடாரம் அடிக்க வேண்டும். மேகமற்ற ஜனவரி இரவில் தரை தன் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிர்களாக வானுக்கு அனுப்பிக் குளிர்கிறது. அதைத் தொட்ட காற்றும் குளிர்ந்து, கனத்து, தண்ணீரைப்போலச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. தலைகுந்தா போன்ற தாழ்ந்த புல்வெளிகள் வெண்மையாய் உறைந்திருக்கும் காலையில், சற்று மேலே மரங்களின் கீழ் உறைபனியே இல்லாதிருப்பதற்குக் காரணம் இதுதான். பள்ளத்தை விட்டுச் சில மீட்டர் மேலே ஏறி, மரக்கிளைகள் வானத்தை மறைக்கும் இடத்தில் கூடாரம் அடித்தால் அந்த வேறுபாட்டை உடலே உணரும்.

தூக்கப்பை வெப்பத்தைத் தானாக உண்டாக்குவதில்லை. தன் இழைகளுக்கு இடையே அசையாக் காற்றை அடைத்துவைத்து, உடலின் வெப்பம் தப்பாமல் தடுக்கிறது. ஆனால் முதுகின் கீழே அந்த இழைகள் நசுங்கிவிடுகின்றன, காற்றும் வெளியேறிவிடுகிறது. ஈரமண்ணோ அசையாக் காற்றைவிடப் பல பத்து மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். நசுங்காத நுரைவிரிப்பு ஒன்று கீழே இல்லையென்றால், எவ்வளவு விலையுயர்ந்த பைக்குள் படுத்தாலும் இரவு முழுவதும் நாம் மலையைச் சூடாக்கிக்கொண்டிருப்போம். அரைக் கிலோ கூட எடையில்லாத அந்த விரிப்பு, ஏற்றத்தில் கேட்ட ஒரு நிமிடத்துக்கு ஈடாக ஓர் இரவின் உறக்கத்தைத் தருகிறது.

காலையில் கூடாரத்தின் உள்பக்கம் நனைந்திருப்பதைக் கண்டு துணி ஒழுகுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். ஒருவரின் மூச்சும் தோலும் ஓர் இரவில் ஏறத்தாழ கால் லிட்டர் நீரை ஆவியாக வெளிவிடுகின்றன. வானுக்குக் கதிர்வீசிக் குளிர்ந்த மேல்துணியில் அந்த ஆவிதான் பனித்துளியாகப் படிகிறது. குளிருக்கு அஞ்சிக் காற்றுவழிகளை அடைத்தால் ஈரம் கூடும். நனைந்த தூக்கப்பை காற்றை அடைத்துவைக்கும் திறனை இழக்கும். ஆகவே குளிரானாலும் காற்றுவழிகளைத் திறந்தே வைக்க வேண்டும்.

நான்காம் நாள், குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குப் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளோடு சாலை இறங்குகிறது. ஏற வழங்கிய ஆற்றலை மலை இப்போது திருப்பித் தருகிறது: ஏறத்தாழ 1,500 கிலோஜூல். காற்றும் டயரும் வாங்கிக்கொண்டது போக மீதி முழுவதும் பிரேக்கில் வெப்பமாக வேண்டும். 5.5 சதவீதச் சரிவில் நம் 100 கிலோவுக்குக் கணக்கிட்டால், பிரேக் வாங்கும் வெப்பம் மணிக்கு 15 கிலோமீட்டரில் 180 வாட், 27 கிலோமீட்டரில் உச்சமாக 240 வாட், 40 கிலோமீட்டரில் காற்றே பெரும்பகுதியைச் சுமப்பதால் 140 வாட். அச்சத்தோடு பிரேக்கைப் பிடித்தபடியே நடுத்தர வேகத்தில் இறங்குவதுதான் பிரேக்கை மிக அதிகமாகச் சூடாக்குகிறது. அவ்வாறே இறுதிவரை வந்தால் பிரேக்கில் சேரும் மொத்த வெப்பம் மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். சக்கரத்தின் உலோக விளிம்பான ரிம்மைப் பிடிக்கும் ரிம் பிரேக்கில் அந்த வெப்பம் டயருக்குள் இருக்கும் டியூபை அடைகிறது. காற்று விரிந்து டியூப் வெடிக்கலாம். டிஸ்க் பிரேக்கில் கட்டைகள் பளபளப்பேறிப் பிடிமானத்தை இழக்கலாம்.

இதற்காக வளைவுகள் நிறைந்த சாலையில் 40 கிலோமீட்டரில் பறக்க வேண்டியதில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தால் மார்பே காற்றுத் தடையாகிச் சுமையில் ஒரு பகுதியை ஏற்றுக்கொள்ளும். நேர்ப்பாதையில் பிரேக்கை விட்டு, வளைவுக்கு முன்பே இரண்டு பிரேக்கையும் சில நொடிகள் அழுத்தமாகப் பிடித்து, வளைவுக்குள் நுழையும் முன் தளர்த்தினால், இடைவேளைகளில் ஓடும் காற்று ரிம்மைக் குளிர்விக்கும். பர்லியாறு வரை வந்ததும் நிறுத்தி, ரிம்மின் அருகே புறங்கையைத் தொடாமல் நீட்டிப் பார்க்கலாம். அனல் தெரிந்தால், அது ஆறும் வரை நால்வரும் டீ குடிக்கலாம்.