மெதுவாகத்தானே சுற்றுகிறது?

"பிரஸ்ஸில் கை மாட்டிக்கொண்டது, கழற்றத் தெரிந்த ஆள் வேண்டும்" என்று சென்ற மாதம் ஒரு காலையில் அழைப்பு வந்தது. அம்பாசமுத்திரம் பக்கம் ஓர் ஆலை. அன்று வேறு வேலையாகச் சேரன்மகாதேவியில் இருந்ததால் அரை மணி நேரத்தில் போய்விட்டேன்.

கொதிகலனில் எரிப்பதற்காகத் தைலமரப் பட்டையிலிருந்து தண்ணீர் பிழிகிற ஸ்க்ரூ பிரஸ். திருகுபோன்ற தண்டு ஒன்று உள்ளே சுற்றிப் பட்டையை நசுக்கும். பட்டையைக் கொட்டும் வாயான ஹாப்பரின் விளிம்பில் மார்பு அழுந்த ஒரு பையன் நின்றுகொண்டிருந்தான். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதிருக்கும். வலது கை முழங்கைக்குச் சற்றுக் கீழ் வரை உள்ளே. ஒருவர் அவன் இடுப்பைத் தாங்கிப் பிடித்திருந்தார். இன்னொருவர் துண்டால் விசிறிக்கொண்டிருந்தார். 108 ஊழியர்கள் தங்களால் ஆனதைச் செய்துவிட்டு என் ஸ்பேனருக்காகக் காத்திருந்தார்கள். ஸ்க்ரூவைச் சுற்றியிருக்கும் கூண்டின் போல்ட்டுகளைக் கழற்ற 19-ஆம் எண் ஸ்பேனரை எடுத்தேன். அந்தப் பையன் தலையைத் திருப்பி, "கீழ் வரிசைக்கு 24 வேண்டும் அண்ணாச்சி" என்றான். தினமும் அந்த இயந்திரத்துக்குக் கிரீஸ் வைப்பவன் அவன்தான்.

கை பிழைத்தது. மூன்று விரல்கள் பிழைக்கவில்லை.

கொதிகலனும் அதற்கு எரிபொருள் ஊட்டும் இயந்திரங்களும்தான் என் பிழைப்பு. இந்தத் தொழிலில் நான் பார்க்கும் நான்காவது கை இது. நான்கு இடங்களிலும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள். "மெதுவாகத்தானே சுற்றுகிறது, எப்படி மாட்டியது என்றே தெரியவில்லை."

இந்த வாக்கியத்தைக் கேட்டால் எனக்கு இப்போதெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது. ஆகவே கணக்கைப் போட்டே காட்டிவிடுகிறேன்.

நம் பக்கத்துச் சிறிய பிரஸ் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 10 குதிரைத்திறன் மோட்டார், நிமிடத்துக்கு 1,440 சுற்று. கியர் பாக்ஸ் அதை 12 சுற்றாகக் குறைத்து ஸ்க்ரூவுக்குக் கொடுக்கிறது. குறைந்த வேகம் எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை, முறுக்குவிசையாக மாறி உள்ளேயே இருக்கிறது. வேகம் 120 மடங்கு குறைந்தால், உராய்வில் போவது போக விசை ஏறத்தாழ 100 மடங்கு கூடுகிறது. ஸ்க்ரூவின் விட்டம் 30 சென்டிமீட்டர் என்றால் அதன் விளிம்பில் மூன்று டன்னுக்கு மேல் வருகிறது. இரண்டு பெரிய கார்களை ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றிவைத்த எடை. இது சாதாரண ஓட்டத்தில். ஏதாவது குறுக்கே சிக்கினால் மோட்டார் சிறிது நேரம் இதைப் போல இரு மடங்குகூடக் கொடுக்கும். சிக்கியது சவுக்குக் கட்டையா, மணிக்கட்டா என்று மோட்டார் விசாரிக்காது.

செக்கைப் பார்த்து வளர்ந்த ஊர்க்காரர்கள் நாம். செக்கு மாடு என்ன வேகத்தில் நடக்கிறது? நம் தாத்தா அதைவிட வேகமாக நடப்பார். அந்த நடையில்தான் எள் எண்ணெயாகிறது. மாடு ஓடினால் எண்ணெய் வராது. பிழிகிற எதுவும் மெதுவாகத்தான் சுற்றும், ஏனென்றால் பிழிவதற்கு வேண்டியது வேகம் அல்ல, விசை.

இன்னொன்றையும் அளந்துவிடுவோம். நிமிடத்துக்கு 12 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 5 விநாடி. அந்த நேரத்தில் ஸ்க்ரூவின் விளிம்பு 94 சென்டிமீட்டர் நகர்கிறது. ஒரு விநாடிக்குச் சுமார் 19 சென்டிமீட்டர். உங்கள் நடுவிரல் நுனியிலிருந்து மணிக்கட்டு வரை அளந்து பாருங்கள், ஏறக்குறைய அவ்வளவுதான் இருக்கும். "ஐயோ" என்று அலற ஒரு விநாடி. அலறலைக் கேட்டு மற்றவர் திரும்பிப் பார்க்க ஒரு விநாடி. எட்டடி தள்ளியிருக்கும் மின் பேனலுக்கு ஓடிப் பொத்தானை அமுக்க இன்னும் மூன்று விநாடி. அதற்குள் ஸ்க்ரூ ஒரு முழுச் சுற்றைச் சுற்றி முடித்திருக்கும்.

செங்கோட்டை மர அறுவை ஆலைகளில் வட்ட ரம்பத்தின் பக்கம் யாரும் விளையாட்டுக்குக்கூடப் போவதில்லை. அது போடும் கூச்சலே போதும். பிரஸ் கூச்சல் போடாது, முனகும். அந்த முனகலை நம்பித்தான் அதன் வாயில் கையை விடுகிறார்கள்.

சரி, கையை ஏன் விடுகிறார்கள்? பட்டை அடைத்துக்கொள்வதால். ஏன் அடைத்துக்கொள்கிறது? இங்கேதான் முதலாளிகள் மேல் எனக்குள்ள வருத்தம்.

கொதிகலனில் எரிக்க உமி முன்போலச் சும்மா கிடைப்பதில்லை. சவுக்கும் தைலமரமும் உரித்த இடத்தில் பட்டை மலையாகக் கிடக்கிறது. வாங்கி எரிக்கலாம் என்பது நல்ல யோசனைதான். ஆனால் பிரஸ் வாங்கியவர் பலரும் ஒன்றை நம்புகிறார்கள்: பட்டை வெளியேறும் வழியை நெருக்குகிற கூம்பை இன்னும் கொஞ்சம் இறுக்கினால் பட்டை காய்ந்தே வெளியே வரும் என்று. வராது. இரண்டு பேர் இரு முனையைப் பிடித்து எவ்வளவு முறுக்கினாலும் வேட்டியைக் கொடியில் போடாமல் உடுத்த முடியுமா? நாருக்கு நடுவில் நிற்கும் தண்ணீரைத்தான் பிழிய முடியும். நாரின் சுவருக்குள் ஊறிய தண்ணீர் சூட்டுக்குத்தான் அசையும். நல்ல பிரஸ்ஸிலேயே 55 சதவீத ஈரத்துக்குக் கொண்டுவந்தால் அது நல்ல வேலை, 50-ஐத் தொட்டால் கெட்டிக்கார வேலை. அதற்குமேல் இறுக்கினால் தண்ணீர் வராது, அடைப்புதான் வரும். அடைப்பு வந்தால் யாரோ ஒருவரின் கை உள்ளே போகும்.

55 சதவீதம்தானா என்று முகம் சுளிக்காதீர்கள். 70 சதவீத ஈரமுள்ள 100 கிலோ பட்டையில் 70 கிலோ தண்ணீர். 55-க்குக் கொண்டுவந்தால் அதில் 33 கிலோ வெளியே போய்விடுகிறது, ஏறக்குறைய பாதித் தண்ணீர். அந்தப் பாதியை அடுப்புக்குள் ஆவியாக்க வேண்டுமென்றால் அந்தச் சூடு நீராவிக்குப் போகாமல் புகைபோக்கிக்குத்தான் போகும். 70 சதவீத ஈரத்தில் பட்டை தன் தீயைத் தானே தாங்காது, கூட விறகோ உமியோ போட்டுத்தான் எரிக்க வேண்டும். "ஈரம் இருந்தால் நின்று எரியும்" என்கிற பழைய ஆபரேட்டர்களுக்கும் இதே பதில்தான். நிற்பது உண்மை, எரிவதுதான் சந்தேகம்.

பிரஸ் வைத்துப் பட்டை பிழிவது பின்லாந்து, சுவீடன், கனடா காகிதக்கூழ் ஆலைகளின் வழக்கம். அங்கே குளிர்காலத்தில் மரம் பனி உறைந்து வருகிறது. வெதுவெதுப்பான தண்ணீரில் பனியைக் கரைத்து உரிக்கிறார்கள். பட்டை சொட்டச் சொட்ட வருகிறது, காயவைக்க வெயிலும் இல்லை. பிழியாமல் என்ன செய்வார்கள்? நமக்கு என்ன குறை? பங்குனி, சித்திரையில் களத்தில் நான்கு விரல் கனத்துக்குப் பரப்பிக் காலையும் மாலையும் கிளறிவிட்டால், எந்தப் பிரஸ்ஸும் எட்டாத 20 சதவீதத்துக்கு வெயிலே கொண்டுவந்துவிடும், சம்பளமும் கேட்காது. ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்கும் தென்காசிப் பக்கத்துச் சாரலுக்கும் பிரஸ் தேவைதான். 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் ஊறிக் கிடந்த பட்டையை நானே பிழியச் சொல்லியிருக்கிறேன். ஆனால் வெயில் கொளுத்துகிற மாதத்திலும் பிரஸ்ஸை ஓட்டுவது, வாங்கிவிட்டோமே என்பதற்காக ஓட்டுவது.

அந்தப் பையனின் விஷயத்துக்கு வருகிறேன். அன்று இயந்திரம் ஓடவில்லை, நின்றிருந்தது. தைலமரப் பட்டை முழ நீள நார்களாக உரிந்து வரும். நறுக்காமல் போட்டதால் ஸ்க்ரூவில் சுற்றிக்கொண்டு, பளு தாங்காமல் ஓவர்லோடு ரிலே மோட்டாரை நிறுத்திவிட்டது. பளு கூடினால் சூடேறி மோட்டாரை நிறுத்துகிற சாதனம் அது. நின்றுவிட்டதே என்று அவன் நாரைப் பிடித்து இழுத்தான். அந்த ரிலேயில் ஒரு சின்னத் திருகு உண்டு. ஒரு பக்கம் திருப்பினால் ஆள் வந்து அமுக்கினால்தான் திரும்பத் தயாராகும், மறுபக்கம் திருப்பினால் சூடு ஆறியதும் தானே தயாராகிவிடும். ஒவ்வொரு முறையும் பேனலுக்கு நடக்க அலுத்துப்போய் யாரோ அதைத் தானியங்கியில் வைத்திருந்தார்கள். ஸ்டார்ட் பொத்தான் இருக்கும் ஸ்டார்ட்டரில் அதனால்கூடப் பெரிய கேடு இல்லை, பொத்தானை அமுக்காமல் மோட்டார் எடுக்காது. இங்கே ஹாப்பர் நிறைந்தால் தானே ஓடும்படி சென்சாரும் வைத்திருந்தார்கள். ஹாப்பர் நிறைந்துதான் இருந்தது. ரிலே ஆறியது, ஸ்க்ரூ சுற்றியது.

எல்லாம் முடிந்தபின் பேனலைத் திறந்து அந்தத் திருகைத் திருப்பி வைத்தேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

மின்வெட்டிலும் இதே கதைதான். கரண்ட் இல்லாத நேரத்தில் அடைப்பை எடுத்துவிடலாம் என்று கையை விடாதீர்கள். போன கரண்ட் யாரையும் கேட்டுக்கொண்டு திரும்பி வருவதில்லை.

மெயின் சுவிட்சை அணையுங்கள். அணைத்தால் மட்டும் போதாது, பூட்டுங்கள். ஒரு பூட்டு, ஒரே சாவி, அந்தச் சாவி அடைப்பை எடுப்பவரின் மடியில். சூப்பர்வைசர் மேசையில் இருந்தால் அது பூட்டே அல்ல. பூட்டிய பிறகு ஸ்டார்ட் பொத்தானை ஒருமுறை அமுக்கிப் பாருங்கள், தவறான சுவிட்சைப் பூட்டிய கெட்டிக்காரர்களும் உண்டு. அதன் பிறகும் கை வேண்டாம். இறுகிய பட்டை அமுக்கிவைத்த ஸ்பிரிங் மாதிரி, அடைப்பு விடும்போது ஸ்க்ரூ பின்னோக்கி ஒரு துள்ளுத் துள்ளும். முதலில் கூம்பைத் தளர்த்துங்கள், பிறகு நீளக் கொக்கியால் இழுங்கள்.

காலால் மிதித்துத் தள்ளுகிறவர்களை என்ன சொல்வது? இரண்டு இடங்களில் பார்த்துவிட்டேன். ஹாப்பர்மேல் ஏறி நிற்பவரைக் கண்டால் முதலில் இயந்திரத்தை நிறுத்துங்கள், திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

"கையுறை கொடுத்திருக்கிறோமே" என்று ஒரு முதலாளி பெருமையாகச் சொன்னார். சுற்றுகிற ஸ்க்ரூவுக்குப் பக்கத்தில் துணிக் கையுறைதான் முதல் எதிரி. விரல் நுனி மாட்டினால் உதறி எடுக்க ஒரு வாய்ப்பாவது உண்டு, கையுறை மாட்டினால் அது கையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். தோளில் துண்டு, தொங்கும் லுங்கி முனை, சேலைத் தலைப்பு, மணிக்கட்டில் கட்டிய கோவில் கயிறு எல்லாம் அதே வகைதான். கயிறு சாமி பெயரால் கட்டியது என்று தெரியும். வேலை நேரத்தில் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டால் சாமி கோபிக்காது.

முழ நீள நாரை நறுக்கும் இயந்திரத்தில் விட்டுக் கையகலத் துண்டாக்கிய பிறகே பிரஸ்ஸில் போடுங்கள். பாதி அடைப்பு அதிலேயே தீர்ந்துவிடும். கல், கம்பி, ஆணி பொறுக்குவது சொல்லாமலே தெரிந்திருக்க வேண்டும்.

அப்படியும் கை மாட்டிவிட்டால், தயவுசெய்து மோட்டாரைத் திருப்பிச் சுற்றவிடாதீர்கள். உள்ளே போகும்போது நசுங்கியது வெளியே வரும்போது மறுபடியும் நசுங்கும். கரண்டை அணையுங்கள், 108-ஐ அழையுங்கள், கழற்றத் தெரிந்தவரை அழையுங்கள், ரத்தம் வரும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். விரல் துண்டானால் ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வையுங்கள். விரலை நேராக ஐஸ்கட்டியில் போடாதீர்கள். மஞ்சள்தூள், காப்பித்தூள் எதையும் அப்பாதீர்கள். துண்டான விரலையும் ஆளோடு சேர்த்து அனுப்புங்கள். ஒரு தடவை பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனைக்கு ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார், விரல் ஆலையிலேயே கிடந்தது.

பிழிந்த தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. கறுங்காப்பி நிறத்தில் வரும் அது வெறும் தண்ணீர் அல்ல. ஆவாரம்பட்டையாலும் வேலம்பட்டையாலும் தோல் பதனிட்டார்களே, அந்தத் துவர்ப்புச் சத்துதான் அதில் இருக்கிறது. வாய்க்காலில் விட்டால் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைக் குடித்துவிடும், மீன் மிதக்கும். எந்த வாய்க்காலில் விட்டாலும் கடைசியில் அது குளத்துக்கோ தாமிரபரணிக்கோதான் போய்ச் சேரும். சுத்திகரிக்காமல் மடையைத் திறக்காதீர்கள்.

புதிதாகப் பிரஸ் வாங்கப் போகிறவர்களுக்கு: இயந்திரத்தின் ஆபத்தான பாகங்களுக்குத் தடுப்பு போட வேண்டும் என்று 1948-லேயே, அப்போதைய தொழிற்சாலைகள் சட்டத்தின் 21-ஆம் பிரிவில் எழுதிவைத்துவிட்டார்கள். இன்னும் திறந்த வாயோடுதான் பிரஸ் செய்து விற்கிறார்கள், மூடி கேட்டால் தனி விலை சொல்கிறார்கள். கொடுங்கள். கை எட்டாத உயரத்தில் ஹாப்பர், திறந்தால் மோட்டார் நின்றுவிடும் மூடி, ஹாப்பரில் நிற்பவரின் கைக்கு எட்டும் இடத்தில் சிவப்புப் பொத்தான், ஆள் வந்து அமுக்கினால் மட்டுமே தயாராகும் ரிலே. நான்கையும் ஆர்டரிலேயே எழுதி வாங்குங்கள், கடைசித் தவணையைக் கொடுக்குமுன் ஒவ்வொன்றையும் நீங்களே இயக்கிப் பாருங்கள். மூடி இல்லாத பிரஸ் லாரியில் வந்து இறங்கினால், வாடகை உங்கள் தலையில் விழுந்தாலும் பரவாயில்லை, அதே லாரியில் திருப்பி ஏற்றிவிடுங்கள்.