ஆர்க்கைவ்: காப்பகமா, திரட்டா?

சீன ஓவியர் ஜெங் ஷெங்தியான் போன்ற ஓர் ஓவியரின் 'பெர்சனல் ஆர்க்கைவ்', அதாவது அவர் சேர்த்துவைத்த பழைய ஏடுகளின் தொகுப்பு, பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 'தனிப்பட்ட காப்பகம்' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். காப்பகம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருபவை குழந்தைகள் காப்பகமும் முதியோர் காப்பகமும்தான். அதைவிடப் பெரிய குறை, அந்தச் சொல் ஒரு கட்டடத்தைச் சுட்டுகிறது. ஓவியர் வைத்திருந்ததோ நாலைந்து பெட்டிகள், கடித உறைகள், ஸ்லைடுகள்.

சொல்லின் வேர் கிரேக்கம். ஆட்சியாளருக்கு அங்கே 'அர்க்கோன்' என்று பெயர். அவருடைய இருப்பிடமும் அலுவலகமும் 'அர்க்கேயோன்'. ஏடுகள் அங்கே இருந்ததால் ஏடுகளுக்கும் அதே பெயர் வந்தது. லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. எந்த ஏட்டைக் காக்க வேண்டும் என்பதை ஆள்பவர் முடிவு செய்வார் என்ற பொருள், பிறப்பிலேயே இந்தச் சொல்லுக்குள் இருக்கிறது.

சீனத்தில் இதற்கு இணையான சொல் 'தாங்-ஆன்'. சிங் அரச மரபின் தொடக்கக் காலத்தில் மஞ்சு மக்கள் மரச்சில்லுகளில் எழுதி, தோல் வாரில் கோத்துச் சுவரில் தொங்கவிட்டார்கள். அப்படிச் சேர்ந்துபோன பழைய எழுத்துகளுக்கே இந்தப் பெயர். 1949க்குப் பிறகு இதே சொல்லுக்கு இன்னொரு பொருள் கனத்தது. நகரங்களில் வேலை செய்த ஒவ்வொருவரைப் பற்றியும் அவருடைய பணியிடம் வைத்திருந்த கோப்பும் தாங்-ஆன்தான். குடும்பப் பின்னணி, அரசியல் நடத்தை, தண்டனை எல்லாம் அதில் ஏறும். யாரைப் பற்றிய கோப்போ அவர் அதைப் பார்க்க முடியாது. ஆகவே ஒரு சீன ஓவியர் தனக்கென ஒரு 'தாங்-ஆன்' சேர்த்தார் என்றால், தன்னைப் பற்றிய சாட்சியத்தைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டார் என்று பொருள். இந்த அழுத்தம் தமிழ்ச் சொல்லிலும் கொஞ்சமாவது வர வேண்டும் என்பதே என் ஆசை.

எத்தனை ஏடுகள் அழிந்தன! 1928இல் ஹாங்ஜோ நகரில் தொடங்கிய தேசியக் கலைக்கழகத்தின் முதல் தலைவர் லின் ஃபெங்மியான், 1966இல் மாவோ தொடங்கிய கலாச்சாரப் புரட்சியின்போது தம் ஓவியங்களைத் தாமே தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கிக் கழிப்பறையில் கொட்டினார். அப்படியும் சிறை தப்பவில்லை. அரசு போற்றிய ஓவியமும் அப்படியே நிலைக்கவில்லை. மக்கள் சீனத்தின் தொடக்க விழாவைத் தோங் ஷிவென் 1953இல் வரைந்தார். அரசியலில் ஒருவர் வீழ்ந்தபோதெல்லாம் அவர் உருவம் அந்த ஓவியத்திலிருந்து அழிக்கப்பட்டது. முதலில் காவ் காங், பின்னர் லியூ ஷாவ்ச்சி. அழித்த இடத்தில் யார் நின்றார் என்பதைப் பழைய அச்சுப்படிகள் சொல்கின்றன.

லின் நிறுவிய அதே கலைக்கழகத்தில் பின்னாளில் ஆசிரியராக இருந்தவர் ஜெங் ஷெங்தியான். பிறப்பு 1938. அவர் சேர்த்த ஏடுகளைப் பார்த்தால் பாடநூல் வரலாறு தடுமாறுகிறது. பாடநூல் என்ன சொல்கிறது? ஐம்பதுகளில் சோவியத் பாணி, பிறகு மாவோ ஓவியங்கள், 1978க்குப் பிறகு வெளியுலகுக்குக் கதவு திறந்தது, 1985இல் இளம் ஓவியர்களின் 'புதிய அலை' இயக்கம். ஜெங்கின் வாழ்க்கை இந்தக் கட்டங்களுக்குள் அடங்கவில்லை. 1967இல் சக ஓவியர்களோடு சேர்ந்து மாவோவைப் பெரிய அளவில் வரைந்த அதே கை, எண்பதுகளின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மினசோட்டாவில் இருந்தபோது சேர்த்த ஸ்லைடுகளை ஹாங்ஜோ மாணவர்களுக்குப் போட்டுக் காட்டியது. ஜாங் பெய்லி, கெங் ஜியான்யி, வாங் குவாங்யி போன்ற புதிய அலை ஓவியர்கள் அந்தக் கலைக்கழகத்திலிருந்துதான் வந்தார்கள்.

இன்னொரு இழை மெக்சிகோ. சுவரோவியர் சிகெய்ரோஸ் 1956இல் சீனாவுக்கு வந்தார். மெக்சிகோ கலைக் கண்காட்சியும் அதே ஆண்டு நடந்தது. சோவியத் ஓவியர் மக்சிமோவ் பெய்ஜிங்கில் வகுப்பெடுத்துக்கொண்டிருந்த காலம் அது. பெரும்பாலான வரலாறுகள் மக்சிமோவை நினைவில் வைத்தன, சிகெய்ரோஸை விட்டுவிட்டன. ஜெங் விடவில்லை. பல பத்தாண்டுகள் அந்த இழையைத் தேடிச் சேர்த்து, 2017இல் கலிஃபோர்னியாவின் பசடீனாவில் ஒரு கண்காட்சியாகவே வைத்தார். ஐம்பதுகளின் சீனா மாஸ்கோவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது என்று இனி எழுத முடியாது.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'ஆவணம்' நம்மிடம் பழைய சொல். சங்க காலத்தில் கடைத்தெருவையும் குறித்தது. பிறகு உரிமைப் பத்திரம் ஆனது. கல்வெட்டுகளில் பத்திரம் பதியும் இடம் 'ஆவணக்களரி'. இன்று 'ஆவணப்படம்' வந்தபின் பத்திர வாசனை குறைந்துவிட்டது. அதனால் ஸ்லைடையும் கண்காட்சி டிக்கெட்டையும் ஆவணம் என்பதில் தயக்கம் வேண்டாம். நிறுவனத்துக்கு 'ஆவணக் காப்பகம்' சரியான சொல், எழும்பூரில் இருப்பதும் அந்தப் பெயரில்தான். ஒருவர் கையால் சேர்த்ததற்கு 'ஆவணத் திரட்டு' என்பேன். திரட்டியவர் ஒருவர் உண்டு, அவருக்கு ஒரு தேர்வு உண்டு என்பதை அந்தச் சொல் மறைப்பதில்லை. 'தனியார்' என்ற அடைமொழி வேண்டாம், அது கம்பெனியை நினைவூட்டும். பெயரைச் சேர்த்தாலே போதும்: ஜெங் ஷெங்தியானின் ஆவணத் திரட்டு, ஹாங்காங்கில் உள்ள ஆசியக் கலை ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது.