கலங்கிய காவிரியும் தெளிந்த போர் தண்ணீரும்

எம்.எஸ்சி. வேதியியலில் புறப்பரப்பு வேதியியல், அதாவது பொருள்களின் மேற்பரப்பில் நடப்பதைப் படிக்கும் பாடம், என்றாலே பலருக்குக் கொட்டாவி வரும். கரிம வேதியியலுக்கு உள்ள மவுசு அதற்குக் கிடையாது. தருமபுரிக்காரர்களுக்கு அந்தச் சலிப்பு ஆகாது. பாடத்தில் பாதி எங்கள் வீட்டுக் குடத்திலேயே கிடக்கிறது.

வெள்ளக் காலத்தில் ஒகேனக்கல்லில் காவிரி செம்மண் நிறத்தில் பாயும். ஒரு சொம்பு மொண்டு வைத்தால் மணல் உடனே அடியில் தங்கிவிடும். நிறம் மட்டும் மறுநாளும் அப்படியே இருக்கும். அது கூழ்மம்: கரையாமலும் படியாமலும் நீரில் மிதக்கும் நுண்துகள்கள். மைக்ரானுக்கும் சிறிய களிமண் துகள்கள் ஒவ்வொன்றின் மேலும் எதிர்மின்சுமை இருப்பதால், கிட்ட வந்தால் ஒன்றையொன்று தள்ளும். சேர்ந்து கனத்தால்தானே கீழே இறங்க முடியும்? கலங்கல் தெளியப் போடும் படிகாரத்திலுள்ள அலுமினிய அயனிக்கு மூன்று நேர்மின்சுமை. அது அந்த விலக்கத்தை அடக்கிவிடுகிறது. அயனியின் மின்சுமை கூடக்கூட, துகள்களைச் சேர்த்துப் படியவைக்கும், அதாவது திரிக்கும், வலிமை பல மடங்கு ஏறும் என்பது சுல்ஸ்-ஹார்டி விதி. கோட்பாட்டுக் கணக்கில் ஆறாம் அடுக்கு, அதாவது உப்பிலுள்ள ஒற்றை மின்சுமைச் சோடியத்தைவிட 729 மடங்கு! உப்பை அள்ளிப் போட வேண்டிய இடத்தில் படிகாரம் ஒரு சிட்டிகை போதும். பால் கெட்டால் சொல்லும் 'திரிதல்' என்ற சொல்லையே பாடநூலும் இதற்கு வைத்திருப்பது எனக்குப் பிடிக்கும்.

போர்வெல் தண்ணீரின் கதை வேறு. கண்ணாடிபோல் இருக்கும்; குழந்தைகளின் பல்லில் பழுப்புக் கறையாக வெளிப்படும். பாறையின் கனிமங்களிலிருந்து கரைந்து வரும் ஃபுளூரைடு அது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. தனி அயனியாகக் கரைந்திருப்பதால் சாதாரண வடிகட்டியில் நிற்காது. காய்ச்சினால் நீர் ஆவியாகிச் செறிவு இன்னும் கூடும். சுண்ணாம்பு போட்டுக் கால்சியம் ஃபுளூரைடாகப் படியவைக்கலாமே என்றால், அந்தப் படிவே தூய நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 8 மில்லிகிராம் ஃபுளூரைடு விடும் அளவுக்குக் கரையும்.

இந்த இடத்தில்தான் புறப்பரப்பு கைகொடுக்கிறது. கிளர்வூட்டிய அலுமினா என்பது நுண்துளைகள் நிறைந்த அலுமினிய ஆக்சைடு; அதில் ஒரு கிராமின் உள்துளைகளையெல்லாம் விரித்தால் 200 சதுர மீட்டருக்குமேல் வரும். ஏறத்தாழ ஐந்து சென்ட் மனை! அந்த மனையெங்கும் ஹைட்ராக்சில் (OH) தொகுதிகள். சற்றே அமிலத்தன்மையுள்ள நீரில் அவை நேர்மின்சுமை பெற்று ஃபுளூரைடை இழுத்து இடம் கொடுக்கும். ஆனால் ஃபுளூரைடு மிகுந்த நிலத்தடி நீர் பெரும்பாலும் காரத்தன்மையும் பைகார்பனேட்டும் கொண்டது. அவையும் அதே இடத்துக்குப் போட்டியிடும். ஆய்வகத்தில் நன்றாக வேலைசெய்த வடிகட்டி ஊரில் சீக்கிரம் சோர்ந்துபோவது இதனால்தான்.

பரப்பில் எண்ணப்பட்ட இருக்கைகளே உண்டு, நிரம்பினால் நிரம்பியதுதான் என்று கணக்கு எழுதியவர் இர்விங் லாங்முயர். புறப்பரப்பு வேதியியலுக்காக 1932-இல் நோபல் பெற்றார். உட்கார்ந்த மூலக்கூறுகள் வினைபுரிந்து எழுந்து போய்விட்டால் அதுவே வினைவேகமாற்றம், அதாவது பரப்பு தான் தீராமல் வினையை விரைவாக்குவது: பைக்கின் புகைக்குழாயில் பிளாட்டினத்தின்மேல் கார்பன் மோனாக்சைடும் ஆக்சிஜனும் சேர்ந்து கார்பன் டை ஆக்சைடாகக் கிளம்பும், இருக்கை மீண்டும் காலி.

ஃபுளூரைடு அப்படித் தானாக எழுந்திருக்காது. காஸ்டிக் சோடாவால் கழுவி விரட்ட வேண்டும்; பிறகு அமிலம் விட்டுச் சமன்செய்ய வேண்டும். காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் 2013-இல் வந்து பல ஊர்களுக்கு இந்தத் தொல்லையைக் குறைத்திருக்கிறது. அலுமினாவை நம்பும் வீடுகளில் வடிகட்டியின் விலையை விசாரிப்பவர்கள், கழுவிய தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்பதில்லை. குடத்திலிருந்து பிரித்த ஃபுளூரைடு முழுவதும் அதில்தான் இருக்கிறது. கொல்லையில் கொட்டினால் மெல்ல மெல்ல அதே போருக்குத்தான் இறங்கும்.