ஈஸ்ட்ரோஜனும் மூளையின் ரத்தக்குழாயும்

“மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டால் பக்கவாதம் வராதாமே?” சிங்கப்பூர் ஈசூன் வாசகி ஒருவரின் கேள்வி. பாதி உண்மை இருப்பதால்தான் இதற்கு ஒரே வரியில் பதில் சொல்ல முடியவில்லை.

100 கிராம் மூளைத் திசுவுக்கு நிமிடத்துக்குச் சுமார் 50 மில்லிலிட்டர் ரத்தம் வேண்டும். 20க்குக் கீழே போனால் நரம்பணு வேலையை நிறுத்தும். 10க்குக் கீழே போனால் சாகும். ரத்தக்கட்டி அடைத்த இடத்தைச் சுற்றி, இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு பகுதி தவித்துக்கொண்டிருக்கும். பக்கத்துக் குழாய்கள் சற்றே விரிந்தால் அது தாக்குப்பிடிக்கும்.

அந்த விரிவில்தான் ஈஸ்ட்ரோஜன் கை வைக்கிறது. குழாயின் உட்சுவர் ஒற்றைச் செல் அளவே தடிமனான படலம். அந்தச் செல்களின் ஏற்பியில் ஈஸ்ட்ரோஜன் அமர்ந்த சில நிமிடங்களில், நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைத் தயாரிக்கும் நொதியில் ஒரு பாஸ்பேட் ஒட்டப்படுகிறது. நொதி விழித்துக்கொள்கிறது. அந்த வாயு வெளிச்சுவர்த் தசைக்குப் பரவ, தசை தளர்ந்து குழாய் விரிகிறது. சில மணி நேரத்தில் மரபணு வழியாக நொதியின் அளவும் கூடும்.

நைட்ரிக் ஆக்சைடின் ஆயுளோ சில விநாடிகள். சூப்பராக்சைடு என்ற தீவிர ஆக்சிஜன் வடிவம் எதிர்ப்பட்டால் அதுவும் கிடையாது. இரண்டும் சேர்ந்து பெராக்சிநைட்ரைட் என்ற நச்சாகிவிடும். ஈஸ்ட்ரோஜன் அதே செல்லின் ஆற்றல் உலையான மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து சூப்பராக்சைடு கசிவதையும் குறைக்கிறது. குழாயைத் திறந்துவிட்ட கையோடு ஓட்டையையும் அடைக்கும் சாமர்த்தியம்!

இவையெல்லாம் பெரும்பாலும் நோயற்ற இள எலிகளில் பார்த்தவை. அமெரிக்காவில் 16,608 பெண்களிடம் நடந்த சோதனையில் ஈஸ்ட்ரோஜனும் புரொஜெஸ்டின் என்ற இன்னொரு ஹார்மோனும் சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்குப் பக்கவாதம் கூடியது. 2002இல் பாதியில் நிறுத்தினார்கள். ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்த சோதனையும் 2004இல் அப்படியே நின்றது. பங்கேற்றவர்களின் சராசரி வயது 63 அளவில் இருந்தது; அந்த வயதில் பலருக்கும் குழாய்ச் சுவர் ஏற்கெனவே தடித்திருக்கும். தவிர, விழுங்கிய மாத்திரை முதலில் கல்லீரலுக்குப் போய் ரத்தம் உறையும் காரணிகளைக் கூட்டும். தோலில் ஒட்டும் பட்டையில் இந்தச் சுற்று இல்லை. வயதான எலிகளை வளர்க்கச் செலவு அதிகம்தான். ஆனாலும் ஆய்வு நிதி அங்கேதான் போயிருக்க வேண்டும்.

ஆகவே பக்கவாதத்தைத் தடுக்க என்று இந்த மாத்திரையை எடுக்காதீர்கள். மாதவிடாய் நிற்கும்போது திடீரென உடல் சூடாகும் தொல்லைக்காக எடுப்பதானால், மாதவிடாய் நின்று எத்தனை ஆண்டு, ரத்த அழுத்தம் எவ்வளவு என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். யாருக்காவது முகம் கோணி, கை தளர்ந்து, பேச்சு குழறினால் வாட்ஸ்அப்பில் சுற்றும் ‘விரல் நுனியில் ஊசி குத்து’ வைத்தியம் வேண்டாம்; ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழையுங்கள். அவர் கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துவைத்துச் சொல்லுங்கள். கட்டியைக் கரைக்கும் ஊசிக்கான 4.5 மணி நேரத்தை அங்கிருந்துதான் எண்ணுவார்கள்.