தட்டணு நார்மல், ஆனாலும் ரத்தம் நிற்கவில்லை

ரத்தநோய் மருத்துவரான என்னிடம் வரும் பதின்வயதுப் பெண்பிள்ளைகளில் பலர் ரத்தசோகைக்காக அனுப்பப்பட்டவர்கள். ஹீமோகுளோபின் 6, 7 என்று இருக்கும். கூடவே ஒரு ஃபைல் வரும். அதில் மாதக்கணக்காக எழுதிய இரும்புச்சத்து மாத்திரைச் சீட்டுகள், நார்மல் என்று சொல்லும் வயிற்று ஸ்கேன், நார்மலான தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கை. சிலருக்கு ஒருமுறை ரத்தமும் ஏற்றியிருப்பார்கள். பீரியட்ஸ் எத்தனை நாள் இருக்கும் என்று கேட்டால் பிள்ளை அம்மாவின் முகத்தைப் பார்க்கும். அம்மா சொல்வார்: "பத்து நாள் போகும் டாக்டர். எங்க வீட்ல எல்லாருக்குமே அப்படித்தான். எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. எங்கம்மாவுக்குக் கர்ப்பப்பையை எடுத்த பிறகுதான் நின்னுச்சு."

குடும்பத்துக்கு ஆறுதல் தரும் இந்தப் பதில்தான் எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பும். பரம்பரையாக வரும் ரத்தக்கசிவு நோய் இருக்கும் வீட்டில் பாட்டி, அம்மா, சித்தி எல்லோருக்கும் ரத்தப்போக்கு அதிகமாகவே இருந்திருக்கும். அதனால் அந்த வீட்டில் அது நோயாகவே தெரியாது. இப்படிப்பட்ட குடும்பங்களில் நான் முதலில் தேடுவது வான் வில்லிபிராண்ட் காரணி என்ற புரதத்தின் குறைபாட்டை. பரம்பரை ரத்தக்கசிவு நோய்களிலேயே மிகவும் பரவலானது இதுதான். ஹீமோபிலியாவைக் கேள்விப்பட்டவர்கள்கூட இதன் பெயரைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

நம் ரத்தக்குழாய்களின் உட்சுவரில் எண்டோதீலியம் என்ற ஒற்றை அடுக்குச் செல்கள் இருக்கின்றன. அவைதான் இந்தப் புரதத்தைத் தயாரித்துத் தமக்குள் சேமித்தும் வைக்கின்றன. தட்டணுக்களிலும் கொஞ்சம் இருப்பு உண்டு. உடம்பிலுள்ள மிகப் பெரிய புரதங்களில் இது ஒன்று; அலகு அலகாகக் கோத்த நீண்ட சங்கிலி. ரத்தம் நிதானமாக ஓடும்போது நூல்கண்டு போலச் சுருண்டு கிடக்கும். குழாயில் கீறல் விழுந்தால் வெளியே தெரியும் கொலாஜன் என்ற நார்ப்புரதத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். அங்கே ரத்த ஓட்டத்தின் வேகம் இழுக்க, சுருள் பிரிந்து நீளும். நீண்டால்தான் தட்டணுக்கள் பிடித்துக்கொள்ளும் இடம் வெளிப்படும். அதனால்தான் தட்டணு மூன்று லட்சம் இருந்தாலும், இந்தப் புரதம் இல்லையென்றால் அவை காயத்தில் நிற்காமல் வழுக்கிப் போய்விடும். இதற்கு இன்னொரு வேலையும் உண்டு: ரத்தம் உறையத் தேவையான எட்டாம் காரணியைத் தன்னோடு சேர்த்துச் சுமந்து, அது சிதையாமல் காக்கிறது.

இந்த நோயின் கதை 1924-இல் தொடங்குகிறது. பின்லாந்தைச் சேர்ந்த ஓலாந்து தீவுகளிலிருந்து ஹியோர்டிஸ் என்ற ஐந்து வயதுச் சிறுமியை ஹெல்சின்கிக்குக் கொண்டுவந்தார்கள். அவளுடைய உடன்பிறந்தவர்கள் சிலர் ஏற்கெனவே ரத்தக்கசிவால் இறந்திருந்தார்கள். மருத்துவர் எரிக் வான் வில்லிபிராண்ட் அந்தக் குடும்பத்தில் 66 பேரைப் பற்றி விசாரித்தார். 23 பேருக்குப் பாதிப்பு இருந்தது. ஹீமோபிலியா பெரும்பாலும் ஆண்பிள்ளைகளைத் தாக்கும். இங்கோ பெண்களும் பாதிக்கப்பட்டிருந்தார்கள். இது வேறு நோய் என்று 1926-இல் எழுதினார். ஹியோர்டிஸ் வயதுக்கு வந்து, நான்காவது மாதவிடாயின்போது ரத்தப்போக்கு நிற்காமல் இறந்தாள். அப்போது அவளுக்கு வயது 13.

அதே 1924-இல் நியூயார்க்கில் ஈலை மாஷ்கோவிட்ஸ் என்ற மருத்துவர் இன்னொரு மரணத்தைப் பதிவு செய்தார். 16 வயதுப் பெண். காய்ச்சல், ரத்தசோகை, பக்கவாதம், பிறகு நினைவிழப்பு. உடலை ஆராய்ந்தபோது நுண்ணிய ரத்தக்குழாய்களில் எங்கும் அடைப்பு. அதன் காரணம் தெரியப் பல பத்தாண்டுகள் ஆயின. நீண்ட வான் வில்லிபிராண்ட் சங்கிலிகளை அளவாக வெட்டிவிட ஆடம்ஸ்-13 என்ற நொதி இருக்கிறது. அது இல்லாமல் போனால் வெட்டப்படாத சங்கிலிகளில் தட்டணுக்கள் தேவையில்லாமல் ஒட்டி, மூளையிலும் இதயத்திலும் அடைப்பை உண்டாக்கும். இதைத்தான் டி.டி.பி. என்கிறோம். ஒரே ஆண்டில், கடலுக்கு இருபுறமும் தொடங்கிய இந்த இரண்டு சிறுமிகளின் கதையும் ஒரே புரதத்தைச் சேர்ந்தவை என்பதை மாணவர்களுக்குச் சொல்லும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும். டி.டி.பி.க்கு இன்று பிளாஸ்மாவை, அதாவது ரத்தத்தின் திரவப் பகுதியை, மாற்றும் சிகிச்சை இருக்கிறது. தட்டணு திடீரென்று மிகவும் குறைந்து, கூடவே ரத்தசோகையும் குழப்பமான பேச்சும் இருந்தால் அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மறுபடியும் நம் பிள்ளைகளுக்கு வருவோம். மாதவிடாய் ஏழு நாளைத் தாண்டுவது, மணிக்கொரு முறை நாப்கின் மாற்ற வேண்டியிருப்பது, பெரிய கட்டிகளாகப் போவது, ராத்திரி எழுந்து துணி மாற்றுவது, பரீட்சை நாளில் பெஞ்சிலிருந்து எழ பயப்படுவது: இவை எதுவும் இயல்பானவை அல்ல. அதிலும் வயதுக்கு வந்த முதல் மாதத்திலிருந்தே இப்படி என்றால் கட்டாயம் பார்க்க வேண்டும். அத்தோடு நான் காதுகுத்து, பல் பிடுங்கியது, மூக்கில் ரத்தம் வருவது, காரணம் தெரியாத கன்றிய தடம் எல்லாவற்றையும் கேட்பேன். பல் பிடுங்கிய மறுநாளும் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டிருந்த கதை எப்படியும் வீட்டில் ஒருவரிடம் இருக்கும்.

சிக்கல் என்னவென்றால், வழக்கமாகச் செய்யும் தட்டணு எண்ணிக்கை, ரத்தம் உறையும் நேரத்தைப் பார்க்கும் பி.டி., ஏ.பி.டி.டி. மூன்றும் நார்மலாக இருக்கும்போதே இந்த நோய் இருக்கலாம். தனியாக இந்தப் புரதத்தின் அளவையும், அது வேலை செய்யும் திறனையும், எட்டாம் காரணியையும் பார்க்க வேண்டும். எடுக்கும் விதத்திலும் கவனம் வேண்டும். பயந்து அழும் குழந்தைக்கும், காய்ச்சலில் இருப்பவருக்கும், கர்ப்பிணிக்கும் இதன் அளவு ஏறிவிடும். உள்ள குறை மறைந்துபோகும். 'ஓ' ரத்தப்பிரிவினருக்கு மற்றவர்களைவிடச் சுமார் 25% குறைவாகவே இருக்கும். எடுத்த ரத்தத்தை அப்படியே ஐஸில் வைத்து வெளியூர் லேபுக்கு அனுப்பினால் அளவு பொய்யாகக் குறைந்து காட்டும். எடுத்த இடத்திலேயே பிளாஸ்மாவைப் பிரித்து உறைய வைத்து அனுப்ப வேண்டும். ஒரே ரிப்போர்ட்டை வைத்து 'நோய் இல்லை' என்றோ 'இருக்கிறது' என்றோ நான் சொல்வதில்லை. சந்தேகம் பலமாக இருந்தால் மறுபடியும் எடுப்பேன்.

பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு முதல் வகை. அளவு குறைவு, அவ்வளவுதான். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தாலே பிள்ளைக்கு வரலாம். புரதமே இல்லாத மூன்றாம் வகை உலக அளவில் மிக அரிது, பத்து லட்சம் பேரில் ஒருவர் என்ற கணக்கில்தான் வரும். ஆனால் அதற்குத் தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வர வேண்டும் என்பதால், தாய்மாமனுக்கும் அத்தை மகனுக்கும் பெண் கொடுக்கும் வழக்கமுள்ள நம் ஊரில் அதைக் கூடுதலாகப் பார்க்கிறோம். இந்தப் பிள்ளைகளுக்கு மூட்டுக்குள்ளேயே ரத்தம் கசியும்.

சிகிச்சை இருக்கிறது, பல சமயம் எளிமையாகவே. போக்கு அதிகமுள்ள நாட்களில், உறைந்த ரத்தம் கரையாமல் காக்கும் டிரானெக்ஸாமிக் அமில மாத்திரை. தேவைப்பட்டால் ஹார்மோன் மாத்திரை. முதல் வகையினர் பலருக்கு டெஸ்மோபிரஸ்ஸின் என்ற மருந்து உதவும். அது எண்டோதீலியத்தில் இருக்கும் சேமிப்பையே ரத்தத்தில் இறக்கிவிடும்; போட்ட அன்று தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும், இல்லையென்றால் சோடியம் குறைந்துவிடும். சேமிப்பே இல்லாத மூன்றாம் வகைக்கு அது பயன்படாது. அவர்களுக்கு வான் வில்லிபிராண்ட் காரணி கலந்த எட்டாம் காரணி மருந்தை ஊசியாக ஏற்ற வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையும் தொடர வேண்டும்தான், ஆனால் தொட்டியில் ஓட்டையை அடைக்காமல் அதை மட்டும் கொடுத்துக்கொண்டிருப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

வலிக்கு ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வேண்டாம்; மாதவிடாய் வயிற்றுவலிக்கென்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் பெரும்பாலும் இந்த வகைதான் கையில் கிடைக்கும். பாரசிட்டமால் போதும். இடுப்பிலும் புஜத்திலும் தசையில் போடும் ஊசிக்கு முன் நோயைச் சொல்லிவிட வேண்டும். பல் பிடுங்குவதென்றாலும் டான்சில் எடுப்பதென்றாலும் முன்கூட்டியே ரத்தநோய் மருத்துவரிடம் பேசிக்கொள்வது நல்லது.

கர்ப்ப காலத்தில் இந்தப் புரதம் தானாக ஏறுவதால் முதல் வகைப் பெண்கள் பலர் பிரசவத்தைச் சிரமமின்றிக் கடப்பார்கள். அபாயம் அதன் பிறகுதான். குழந்தை பிறந்த சில நாட்களில் அளவு பழையபடி இறங்கும். டிஸ்சார்ஜ் ஆகி அம்மா வீட்டுக்குப் போன இரண்டாம், மூன்றாம் வாரத்திலும் போக்கு அதிகமாகலாம். அதனால் பிரசவத்துக்கு முன்பே ஒருமுறை அளவு பார்த்து, வீட்டுக்குப் போன பின்பு எத்தனை நாள் மாத்திரை, எந்த மருத்துவமனைக்கு ஓடி வருவது என்பதை டிஸ்சார்ஜ் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.